பழைய முகவரிக்கு வருவோரைப் புதிய முகவரியில் சேர்ப்பது எப்படி?

இந்திய வங்கிகளின் இணைய முகவரிகள் அண்மைக் காலம்வரை பலவாறு முடிந்துவந்தன. ஒன்று 'டாட் காம்' என்று முடியும். மற்றொன்று 'டாட் கோ டாட் இன்' என்று முடியும். தன் பெயரின் சுருக்கத்தையே ஈறாகக் கொண்ட வங்கியும் உண்டு. இந்தப் பன்மை இப்போது நீங்கிவருகிறது. வங்கிகள் யாவும் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்னும் முடிவை ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரி 7 அன்று அறிவித்தது. ஏப்ரல் 22 அன்று சுற்றறிக்கை வெளிவந்தது. மாற்றத்தை முடிக்க விதிக்கப்பட்ட காலக்கெடு 2025 அக்டோபர் 31.

காரணம் எளியது. 'டாட் காம்' என்று முடியும் பெயரைச் சில நூறு ரூபாய் செலுத்தி எவரும் வாங்கலாம். ஒரு வங்கியின் பெயரில் ஓரெழுத்தை மாற்றியோ, நடுவே ஒரு சிறு கோட்டை இட்டோ போலித் தளம் அமைப்போர் இந்த வசதியைத்தான் பயன்படுத்திவந்தனர். புதிய ஈற்றைக் கொண்ட பெயர் அவ்வாறு சந்தையில் கிடைப்பதன்று. ரிசர்வ் வங்கி 1996இல் ஹைதராபாத்தில் நிறுவிய வங்கித் தொழில்நுட்ப வளர்ச்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றே அதனை வழங்கும். வங்கிகளுக்கு மட்டுமே வழங்கும்.

புதிய முகவரி ஏன் வந்தது என்பதைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். பழைய முகவரி என்ன ஆகிறது என்பதைப் பற்றி எழுதியோர் குறைவு. நம் வாடிக்கையாளர்களுக்கு இரண்டாவது கேள்விதான் நெருக்கமானது என்று கருதுகிறோம். ஏனெனில் அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் பழைய முகவரியே.

சாந்தன்பாறையை எடுத்துக்கொள்வோம். இடுக்கி மாவட்டத்தின் உடும்பன்சோலை வட்டத்தில், பூப்பாறையிலிருந்து நெடுங்கண்டம் செல்லும் சாலையில் அமைந்த ஏலத்தோட்ட ஊர் அது. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக மலையேறி வந்து குடியமர்ந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கே ஏராளம். மலைமீது வேலை, மலைக்குக் கீழே உறவு. ஆகவே ஒரே வீட்டில் கேரளக் கிளையின் கணக்கும் இருக்கும், தேனி மாவட்டக் கிளையின் கணக்கும் இருக்கும். ஏலக்காய் விற்ற பணமும் வங்கி வழியாகத்தான் வருகிறது, புற்றடியில் ஏலம் போனாலும் போடியில் ஏலம் போனாலும். இத்தகைய வீட்டில் வங்கியின் இணைய முகவரி எங்கெல்லாம் பதிந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பாஸ்புக்கின் பின்னட்டையில், நகைக்கடன் சீட்டில், சுவரில் தொங்கும் பழைய நாட்காட்டியில், திருப்பூருக்கு வேலைக்குச் சென்ற மகன் புறப்படுமுன் தாயின் கைப்பேசித் திரையில் பதித்துவைத்த குறும்படத்தில். இவற்றுள் எதையும் வங்கி தன் அலுவலகத்தில் இருந்துகொண்டு திருத்த முடியாது. அச்சானது அச்சானதுதான்.

ஆகவே திருத்தம் மறுமுனையில் நிகழ வேண்டியிருக்கிறது. பழைய முகவரிக்கு வருபவரை அங்கேயே வரவேற்று, புதிய முகவரிக்கு அனுப்பிவைக்கும் ஏற்பாட்டிற்கு 'வழிமாற்று' என்று பெயர். அதன் இயக்கம் புரிந்துகொள்ள அரியதன்று. கைப்பேசியில் உள்ள உலாவி, ஒரு முகவரியைத் தொட்டவுடன், அந்த முகவரிக்குரிய வழங்கியிடம் பக்கத்தைக் கேட்கிறது. வழங்கி தரும் விடையின் தலைப்பில் எப்போதும் ஒரு மூன்றிலக்க எண் இருக்கும். 200 என்றால் 'இதோ பக்கம்'. 404 என்றால் 'அப்படியொரு பக்கம் இங்கில்லை'. 301 என்றால் 'நிலையாக இடம் மாறிவிட்டது. புதிய இடம் இது'. 302 என்றால் 'இப்போதைக்கு வேறிடத்தில் இருக்கிறது'. 301, 302 ஆகிய எண்களோடு புதிய முகவரியும் சேர்ந்தே வரும். உலாவி அதனைப் படித்து, மறுபேச்சின்றி அங்கே செல்லும். 1996 மே மாதம் வெளியான இணைய நெறிமுறை ஆவணத்திலேயே இந்த எண்கள் இடம்பெற்றிருந்தன. முப்பதாண்டு அகவையுடைய ஏற்பாடு இது.

301க்கும் 302க்கும் உள்ள வேற்றுமையைச் சாந்தன்பாறைப் பகுதியினருக்கு விளக்கத் தேவையில்லை. மூணாறுக்கும் பூப்பாறைக்கும் இடையே, கேப் ரோடு பகுதியில் மண் சரிந்து சாலை அடைபட்ட காலங்களில், வண்டிகள் குஞ்சித்தண்ணி, ராஜாக்காடு வழியாகச் சுற்றிச் சென்றன. ஓட்டுநர் எவரும் பழைய சாலையை மறந்துவிடவில்லை. ஒவ்வொரு முறையும் 'வழி திறந்ததா' என்று கேட்டுக்கொண்டே இருந்தனர். அது 302. நிலையாக வேறு சாலை அமைந்துவிட்டால் எவரும் பழைய திருப்பத்தில் நின்று விசாரிப்பதில்லை. அது 301. உலாவியும் அவ்வாறே நடந்துகொள்கிறது: 301 என்னும் விடையை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை பழைய வழங்கியை நாடாமல் நேரே புதிய முகவரிக்குச் செல்லக்கூடும். தேடுபொறிகளும் இந்த எண்ணைக் கண்டபிறகே தம் பட்டியலில் பழைய பெயரை நீக்கிப் புதிய பெயரை ஏற்கின்றன. நிலையான மாற்றத்திற்குத் தற்காலிக எண்ணை இடுவது சிறு பிழைபோல் தோன்றும். ஆனால் தேடுபவர் கண்ணில் பழைய பெயரே நெடுங்காலம் தென்பட அது காரணமாகிவிடும்.

இனிச் சற்று நின்று பார்க்க வேண்டிய இடம் வருகிறது. ஒரு வங்கியின் தளம் ஒரு பக்கம் கொண்டதன்று. வட்டி விகிதம், கிளைப் பட்டியல், படிவங்கள், கட்டண விவரம், குறைதீர்ப்பு, ஒவ்வொரு கடனுக்கும் ஒரு பக்கம், அவற்றின் மொழிவாரிப் பிரதிகள் என்று அது ஆயிரக்கணக்கில் விரியும். தளம் மாறும்போது எளிய வழி ஒன்று உண்டு: பழைய பக்கம் எதைக் கேட்டாலும் புதிய தளத்தின் முகப்பிற்கு அனுப்பிவிடுவது. வேலை ஒரு நாளில் முடியும். ஆனால் பயிர்க்கடன் படிவத்தைத் தேடி வந்தவரை வங்கியின் வாயிலில் நிறுத்தி 'உள்ளே எங்கேனும் இருக்கும், தேடிக்கொள்ளுங்கள்' என்று சொல்வதற்கு அது நிகர். நல்ல நடைமுறை என்பது பழைய பக்கம் ஒவ்வொன்றுக்கும் எதிரே அதற்குரிய புதிய பக்கத்தை எழுதிய ஓர் அட்டவணை. பழைய தமிழ்ப் பக்கம் புதிய தமிழ்ப் பக்கத்திற்கும், மலையாளப் பக்கம் மலையாளப் பக்கத்திற்கும் செல்ல வேண்டும். இரண்டும் ஆங்கில முகப்பில் போய் முடிந்தால், சாந்தன்பாறை போன்ற இருமொழி ஊரில் அதன் இழப்பு உடனே தெரியும். இணைப்பதற்குப் புதிய பக்கமே இல்லாத இடத்தில், எடுத்துக்காட்டாக முடிந்துபோன வைப்புத் திட்டம் ஒன்றின் பக்கத்தில், 'இத்திட்டம் முடிவுற்றது' என்று சொல்வதே நேர்மை. அதற்கும் ஓர் எண் உண்டு: 410.

இந்த அட்டவணையைத் தொகுப்பது சலிப்பூட்டும் வேலை. எந்தப் பழைய பக்கத்திற்கு இன்னும் ஆள் வருகிறார்கள் என்பதை வழங்கியின் பதிவேட்டில் பார்த்து, ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். முகப்பின் வண்ணத்தைப் பற்றிக் கருத்துரைப்போர் பலர். அட்டவணையைச் சரிபார்ப்போரை எவரும் அறியார். எனினும் வாடிக்கையாளருக்குப் பயன்படுவது பின்னவரின் உழைப்பே.

வழிமாற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படும்போது மற்றொரு சிக்கல் எழுகிறது. இணைந்துபோன வங்கியின் முகவரி, இணைத்துக்கொண்ட வங்கியின் அன்றைய முகவரிக்கு அனுப்பும். அது இன்றைய முகவரிக்கு அனுப்பும். அதுவும் கைப்பேசிக்குரிய பதிப்பிற்கு அனுப்பும். நகரில் இருப்பவர் இதனை உணர மாட்டார். மலைச்சரிவில், கோபுரத்தின் அலை வந்தும் போயும் இருக்கும் இடத்தில், ஒவ்வொரு தாவலும் ஒரு காத்திருப்பு. நடுவில் ஒன்று தவறினால் திரை வெறுமையாகும். எனவே எவ்வளவு பழைய முகவரியாயினும் ஒரே தாவலில் இறுதிப் பக்கத்தைச் சேர வேண்டும் என்பது இத்துறையினர் வகுத்துக்கொண்ட விதி.

பூட்டுக் குறியைப் பற்றியும் ஒரு சொல். மறைகுறியாக்கப்பட்ட இணைப்பிற்கு ஒவ்வொரு பெயருக்கும் சான்றிதழ் வேண்டும். அது காலாவதியாகும் தன்மையது. 'பழைய தளந்தான் ஓய்ந்துவிட்டதே' என்று அதன் சான்றிதழைப் புதுப்பிக்காமல் விட்டால், பழைய முகவரிக்கு வருபவருக்கு வழிமாற்றுக்கு முன்பாகவே 'இந்த இணைப்பு பாதுகாப்பானதன்று' என்னும் எச்சரிக்கை தோன்றும். வழிகாட்டும் பலகையை நட்டுவிட்டு, அதற்கு முன்னால் முள்வேலி இட்டதுபோல ஆகிவிடும். அதைவிடத் தீயது, அந்த எச்சரிக்கையைத் தாண்டிச் செல்ல வாடிக்கையாளரைப் பழக்கிவிடுவது.

பழைய முகவரியை எத்தனை காலம் காக்க வேண்டும்? கூகுள் நிறுவனம் தேடுபொறியின் பொருட்டுக் குறைந்தது ஓராண்டு வழிமாற்றுகளை வைத்திருக்கும்படி தள உரிமையாளர்களுக்கு அறிவுறுத்துகிறது. வங்கிகளைப் பொறுத்தவரை இந்த அளவுகோல் போதாது என்பது எம் கருத்து. காரணத்தைக் காண, வாடிக்கையாளர்கள் நன்கறிந்த வேறொரு முகவரியோடு ஒப்பிடுவது உதவும். அது ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு.

இடுக்கிப் பகுதியில் ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் கணக்கு வைத்திருந்தோர் பலர். அந்த வங்கி 2017 ஏப்ரல் 1 அன்று பாரத ஸ்டேட் வங்கியுடன் இணைந்தது. பதினோரு எழுத்தும் எண்ணும் கொண்ட குறியீட்டின் முதல் நான்கு எழுத்துகள் வங்கியைக் குறிப்பன, அவை 'எஸ்.பி.டி.ஆர்.' என்பதிலிருந்து 'எஸ்.பி.ஐ.என்.' ஆயின. இணைப்பை ஒட்டி 2018இல் ஏறத்தாழ 1,300 கிளைகளின் பெயர்களையும் குறியீடுகளையும் ஸ்டேட் வங்கி மாற்றியது. பழைய குறியீட்டுக்கு வரும் பணம் உள்ளுக்குள்ளேயே புதிய குறியீட்டோடு பொருத்தப்பட்டது. இணையத்தில் நிகழும் வழிமாற்றுக்கு இது நேர் ஒப்பு. சிண்டிகேட் வங்கி 2020 ஏப்ரல் 1 அன்று கனரா வங்கியுடன் இணைந்தபோது, 'எஸ்.ஒய்.என்.பி.' என்று தொடங்கும் குறியீடுகள் பதினைந்து மாதங்கள் இயங்கி, 2021 ஜூலை 1 முதல் நிறுத்தப்பட்டன.

ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டை இவ்வாறு ஒரு நாள் நிறுத்திவிடலாம். நிறுத்தினால் என்ன ஆகும்? பழைய குறியீட்டுக்கு அனுப்பிய பணம் சேராது, அனுப்பியவருக்கே திரும்பும். தொல்லைதான், எனினும் பணம் பிறர் கைக்குப் போகாது. கைவிடப்பட்ட குறியீட்டை விலைக்கு வாங்கித் தன்னுடையதாக்கிக்கொள்ள எவராலும் இயலாது. இணையப் பெயரின் இயல்பு வேறு. அதற்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. கட்டணம் நின்றால் சில வாரங்களில் பெயர் மீண்டும் சந்தைக்கு வரும். அதனை வாங்குபவர், பாஸ்புக்கின் பின்னட்டையில் அச்சாகியிருக்கும் அதே முகவரியின் உரிமையாளராகிவிடுவார். பெயரில் எழுத்துப் பிழை இராது. சான்றிதழும் முறைப்படி கிடைக்கும். பூட்டுக் குறியும் தோன்றும்.

இது கற்பனை அச்சமன்று. 'டாட் மோபி' என்று முடியும் பெயர்களை நிர்வகிக்கும் பதிவகம், பெயர்களின் உரிமையாளர் விவரம் தரும் தன் வழங்கியை வேறொரு முகவரிக்கு மாற்றியது. பழைய முகவரியின் பதிவு 2023 டிசம்பரில் காலாவதியாக விடப்பட்டது. 2024இல் வாட்ச்டவர் என்னும் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தினர் அந்தப் பழைய பெயரை 20 டாலருக்கு வாங்கி, அங்கே ஒரு வழங்கியை நிறுவிப் பார்த்தனர். சில நாட்களுக்குள் 1,35,000க்கும் மேற்பட்ட கணினி அமைப்புகள் அதனிடம் 25 லட்சம் முறை கேள்வி கேட்டு வந்தன. அவற்றுள் அரசுத் துறைகளின் கணினிகளும் இருந்தன. முகவரி மாறியது அவற்றுக்குத் தெரிந்திருக்கவில்லை. வாங்கியவர்கள் ஆய்வாளர்களாக இருந்தது நற்பேறு.

ஒரு வங்கி தன் பழைய பெயருக்குச் செலுத்தும் ஆண்டுக் கட்டணம் அதன் செலவுக் கணக்கில் கண்ணுக்குத் தெரியாத தொகை. அதனை நிறுத்தி மிச்சப்படுத்துவதில் எந்தப் பொருளும் இல்லை. வழிமாற்றுகள் சில ஆண்டுகளில் ஓயலாம்; பெயரின் உரிமை ஓயலாகாது. இணைப்புகளால் மறைந்துபோன வங்கிகளின் பெயர்களுக்கும் இதுவே பொருந்தும் என்று நம்புகிறோம்.

இனி வாடிக்கையாளர் பக்கம். முகவரி மாறும் காலம் மோசடியாளர்களுக்கு அறுவடைக் காலம். 'வங்கியின் முகவரி மாறிவிட்டது. கீழுள்ள இணைப்பைத் தொட்டு உங்கள் விவரங்களைப் புதுப்பிக்காவிடில் கணக்கு முடக்கப்படும்' என்று குறுஞ்செய்தி வந்தால், அதன் முற்பகுதி உண்மையாக இருப்பதே அதன் ஆபத்து. முகவரி மாறியது மெய். ஆனால் அதற்காக வாடிக்கையாளர் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. மெய்யான வழிமாற்று எதையும் கேட்பதில்லை. பயனர் பெயரையோ, கடவுச்சொல்லையோ, ஓ.டி.பி. எண்ணையோ, அட்டையின் பின்புற எண்ணையோ கேட்டு வாங்கிக்கொண்டு வழிவிடும் ஏற்பாடு எந்த வங்கியிலும் இல்லை. பழைய முகவரியைத் தட்டினால் கண்ணிமைக்கும் நேரத்தில் மேலுள்ள பட்டையில் புதிய முகவரி தோன்றும், நிகழ்வது அவ்வளவே.

அப்பட்டையை எப்படிப் படிப்பது? நாம் தமிழை இடமிருந்து வலமாகப் படிக்கிறோம்; இணைய முகவரியின் உரிமையாளரை அறிய வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். முதலில் வரும் தனிச் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அதற்கு உடனே இடப்புறம் இருப்பதைப் பாருங்கள். ஆங்கிலத்தில் 'பேங்க்' என்னும் நான்கெழுத்துச் சொல், பிறகு புள்ளி, பிறகு 'இன்' என்னும் இரண்டெழுத்துச் சொல் என்று அது முடிந்திருக்க வேண்டும். 'பேங்க் டாட் இன்' என்பது முகவரியின் நடுவில் வந்து, அதன்பின் வேறொரு பெயரும் 'டாட் காம்' என்பதும் தொடர்ந்தால் அது வங்கியின் தளமன்று. 'பேங்க்', 'இன்' ஆகியவற்றுக்கு இடையே புள்ளிக்குப் பதிலாகச் சிறு கோடு இருந்தாலும் அன்று. செய்தியில் எழுதியிருக்கும் முகவரியைக் காட்டிலும், தொட்டபின் சென்று நின்ற இடத்தின் முகவரியே கருதத்தக்கது; இடையில் எத்தனை தாவல் நிகழ்ந்தது என்பதைச் செய்தி சொல்லாது.

கடவுச்சொல்லைக் கைப்பேசியிலேயே சேமித்து வைத்திருப்போர் ஒன்றைக் கவனித்திருக்கலாம். புதிய முகவரியில் அது தானாக நிரம்புவதில்லை. கைப்பேசியில் கோளாறு எதுவும் இல்லை. சேமித்த கடவுச்சொல் ஒரு குறிப்பிட்ட முகவரியோடு பிணைக்கப்பட்டது. வேறு முகவரியைக் கண்டால், அது எவ்வளவு ஒத்திருந்தாலும், கைப்பேசி அதனை வெளியிடாது. போலித் தளத்தில் தங்களைக் காப்பதும் இதே தயக்கந்தான். ஆகவே புதிய முகவரியை வங்கி அலுவலகத்து அறிவிப்பிலிருந்தோ புதிய பாஸ்புக்கிலிருந்தோ பார்த்துத் தாமே தட்டச்சு செய்து, ஈற்றைச் சரிபார்த்து, கடவுச்சொல்லை ஒரு முறை கையால் இடுங்கள். பிறகு புதிய முகவரியோடு சேமித்துக்கொள்ளலாம். திரையில் உள்ள பழைய குறும்படத்தை அன்றே நீக்கிப் புதியதைப் பதித்துவிடுவது நன்று. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு ஊர் வரும்போது பெற்றோருக்குச் செய்துகொடுக்கத்தக்க ஐந்து நிமிட வேலை இது.

கைப்பேசிச் செயலியைப் பயன்படுத்துவோர்க்கு இம்மாற்றத்தால் வேலை ஏதுமில்லை. செயலி தனக்குரிய முகவரிகளை முறையான புதுப்பிப்பின் வழியே பெற்றுக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் 'புதிய முகவரிக்கான செயலி' என்று வரும் கோப்பை நிறுவாதீர்கள்.

போலித் தளத்தில் விவரங்களை ஏற்கெனவே தந்துவிட்டவர்கள் கூச்சத்தால் காலம் தாழ்த்தலாகாது. 1930 என்னும் தேசிய இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்; வங்கிக்கும் உடனே தெரிவித்து, புகாரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளர் தாமே விவரத்தைத் தந்திருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்தபிறகு நிகழும் இழப்பு வங்கியைச் சாரும்; தெரிவிக்கும்வரை நிகழ்வது வாடிக்கையாளரைச் சாரும். ஆகவே அழைத்த நேரமே கணக்கைப் பிரிக்கும் கோடாகிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பழைய முகவரி ஒன்றைத் தட்டி, 'பக்கம் இல்லை' என்னும் விடை வந்தால், அந்த முகவரியைக் குறித்துக் கிளையில் கொடுங்கள். எந்த அச்சுத்தாளிலிருந்து, எந்த மொழிப் பக்கத்திலிருந்து கிடைத்தது என்பதையும் சேர்த்து எழுதினால், அட்டவணையில் விடுபட்ட வரியைத் தேடுவோர்க்கு அது பேருதவியாகும்.